குரூசர் பைக் வாங்கும்போது சிசி மட்டும் பார்க்காதீங்க

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சுற்றுவதற்கே வண்டி என்றால் 350 சிசி (எஞ்சின் கொள்ளளவு) தாராளம். ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 எடை 191 கிலோ, சூப்பர் மீட்டியார் 650 எடை 241 கிலோ. இந்த 50 கிலோ ஓடும்போது தெரியாது, தெருவில் திருப்பும்போதுதான் தெரியும். ஷோரூமில் எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முடியவில்லையென்றால் வீட்டு வாசல் சரிவில் ஏற்றி இறக்குவது தினமும் பாடுதான்.

பின்னால் ஆள், பெட்டியோடு அடிக்கடி திருச்சி, மதுரை போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 350-ல் மணிக்கு 80 கிமீ வேகம் வரை சுகம். 100-ஐ நெருங்கினால் எஞ்சின் திணறும், லாரியை முந்த நீண்ட இடைவெளி வேண்டும். அங்கே 650-இன் 52 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் இழுவைத் திறன், கைகொடுக்கும் (350-க்கு 27தான்). ஆனால் அது காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின். சித்திரை வெயிலில், கடைவீதி நெரிசலில் தொடையில் சூடு அடிக்கும். டெஸ்ட் டிரைவை நண்பகலில் கேட்டு வாங்குங்கள்.

விலையில் வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40%.