கேமிங் ரவுட்டர் ரிவ்யூ: காலியான லைனில் பிங் பார்க்காதீர்கள்

ரவுட்டர் ரிவ்யூ எழுதப் புதிதாக வருபவர்கள் சிலர் தங்கள் வரைவுகளை என்னிடம் காட்டுவதுண்டு. இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள்தான் அவற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நாம் எழுதுவதை நம்பி ஒருவர் காசைக் கொடுத்து வாங்கப்போகிறார். அவரை ஏமாற்றிவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை வேகம் என்று எழுதுவது

ஏஎக்ஸ்5400 என்று போட்டிருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 4804 மெகாபிட், இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது அது. வைஃபை 6-இல் ஒரு லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். அந்த 4804-உம் நான்கு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் இணையாகப் போகும் தரவு ஓட்டங்கள்), 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் என்று வைத்துக்கொண்டால் வருவது. பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது இரண்டு ஸ்ட்ரீம். 80 மெகாஹெர்ட்ஸில் அது காட்டும் இணைப்பு வேகம் 1201. உண்மையில் கைக்கு வருவது அதைவிடவும் குறைவு.

கேமுக்கு இதில் எதுவுமே பெரிதாகத் தேவைப்படாது. ஆட்டம் ஓடும்போது போய்வரும் தரவு பெரும்பாலும் நொடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூடத் தொடுவதில்லை. சின்னச் சின்ன யுடிபி பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் இங்கே கேள்வி.

காலியான லைனில் பிங் பார்ப்பது

இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீடே தூங்கிய பிறகு உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுகிறார்கள். டவுன்லோட் அருமை, அப்லோட் அருமை, பிங் (ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் நேரம்) 9 மில்லிசெகண்ட். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘கேமிங்குக்கு ஏற்றது’ என்று முடித்துவிடுகிறார்கள். கேபிளில் இணைத்து அந்த நேரத்தில் எந்த ரவுட்டரை வைத்தாலும் ஏறக்குறைய அதே 9 தான் வரும். அவர்கள் அளந்தது சர்வர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆக 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வரவே 10 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எந்த ரவுட்டரும் அதைக் குறைக்க முடியாது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு ரிவ்யூவைப் படித்துவிட்டு ரவுட்டர் வாங்கினான். “அண்ணா, ராத்திரியில சூப்பரா ஓடுது, சாயங்காலம் ஆனா லேக் அடிச்சுக் கொல்லுது, பீஸ்ல ஏதாவது டிஃபெக்டா?” என்று கேட்டான். அதற்குள் வேகமான பிளானுக்கும் மாறிவிட்டிருந்தான். அதில் டவுன்லோட் கூடியதே தவிர அப்லோட் பழைய அளவிலேயே இருந்தது. மாதாமாதம் வீணாகப் போகும் காசு.

அவன் கணினியில் இரண்டு பிங் ஓடவிட்டோம். ஒன்று கேம் சர்வருக்கு, இன்னொன்று ரவுட்டருக்கே. சர்வருக்கு 21, 22, 21 என்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்த அவன் அக்கா பக்கத்து அறையில் போனைச் சார்ஜில் போட்டார். அன்று எடுத்த வீடியோக்கள் கிளவுடுக்கு ஏற ஆரம்பித்தன. 180. 430. 690. ரவுட்டருக்கான பிங் மட்டும் 2, 3 என்று அசையாமல் நின்றது. அதாவது வைஃபையில் குறை இல்லை. அப்லோடை நிறுத்தச் சொன்னதும் மறுபடி 21.

லைன் நிரம்பும்போது, அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை மோடமோ ரவுட்டரோ பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சேர்த்து வைக்கும். அப்லோட் 10 மெகாபிட் லைனில் ஒரு மெகாபைட் அளவுக்கு அப்படித் தேங்கினால், அது வடிய 0.8 நொடி ஆகும். கேமின் குட்டி பாக்கெட்டும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். 800 மில்லிசெகண்ட்! பாக்கெட் எங்கும் தொலையவில்லை, சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர், வைத்தவர் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்த்து வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் முறை அது. அதிலிருந்து வந்த எஃப்கியூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. பின்னால் வந்த கேக் என்ற இதே வகை முறை, ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கிறது. மருந்து இத்தனை வருடமாகக் கையில் இருக்கிறது. ஆனாலும் நோய் இருக்கிறதா என்று ரிவ்யூவில் பார்க்கவே மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

சோதிப்பது கஷ்டமே இல்லை. ஒரு கணினியைக் கேபிளில் இணைத்து பிங்கை ஓடவிடுங்கள். இன்னொரு கருவியிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்யுங்கள். அப்புறம் டவுன்லோட், அப்புறம் இரண்டும் சேர்த்து. லைன் காலியாக இருந்தபோது எவ்வளவு, நிரம்பியபோது எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். கூடுவது இருபது முப்பது மில்லிசெகண்டுக்குள் நின்றால் அந்த ரவுட்டரைத் தாராளமாகப் பாராட்டலாம். சராசரியை மட்டும் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கிச் சண்டையின் நடுவே ஒரே ஒருமுறை 600 தொட்டாலும் ஆள் காலி, சராசரியிலோ அது தெரியவே தெரியாது.

கேம் மோடை ஆன் செய்துவிட்டு நம்பிவிடுவது

அந்தப் பையனின் ரவுட்டரிலும், கேம் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரும் கேம் மோட் ஆனில்தான் இருந்தது. லைன் வேகம் என்ன என்று கேட்கும் இடத்தில் மட்டும் ‘ஆட்டோ’ என்று விட்டிருந்தான். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே கிகாபிட் கேபிள் இருப்பதால், ரவுட்டர் வந்ததையெல்லாம் அப்படியே மோடத்திடம் தள்ளிவிடும். வரிசை மோடத்தில் சேரும். அங்கே ரவுட்டரின் முன்னுரிமை எதுவும் செல்லாது. அளந்துபார்த்த அப்லோடில் 90 சதவீதத்தை அந்த இடத்தில் போட்டோம். வரிசை ரவுட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. அக்கா மறுபடி வீடியோ ஏற்றினார். 26, 24, 29.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இப்படி வரிசையைக் கவனிக்க வைத்தால் பல ரவுட்டர்களில் ஹார்டுவேர் முடுக்கம் (பாக்கெட்டுகளைத் தனிச் சில்லே வேகமாகக் கடத்தும் வசதி) அணைந்துவிடும், முழுப் பாரமும் பிராசஸர் மேல் விழும். கிகாபிட் லைனை வைத்திருப்பவருக்கு வேகம் பாதிக்கும் கீழே இறங்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த வசதி ஆனில் இருக்கும்போது எவ்வளவு வேகம் தாங்குகிறது என்பதையும் அளந்து எழுத வேண்டும். வாங்கியவர் தானாகத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

ஆன்டெனாவை எண்ணுவது

எண்ணாதீர்கள். ஸ்ட்ரீமைப் பாருங்கள்.

கேபிளில் பார்க்காமல் வைஃபை மேல் பழி போடுவது

முதல் அளவு கேபிளில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சோதிப்பது

ஆடுகிறவர் இரண்டு சுவர் தாண்டி இருப்பார். அங்கே போய், ரவுட்டருக்கே பிங் ஓடவிட்டு, எவ்வளவு குதிக்கிறது என்று பாருங்கள். எந்தச் சேனலில் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களைப் பல நாடுகளில் ரேடாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் தென்பட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்த வரம்பில் வேறொரு சேனலுக்குப் போவதென்றால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் ஒலிபரப்பலாம். ஆட்டத்தின் நடுவே திடீரென்று இணைப்பு அறுந்தால் அது மோசமான ரவுட்டர் என்று எழுதுவதற்கு முன், சேனலை அந்த வரம்பில் சேராத 36-க்கு மாற்றி இன்னொருமுறை பாருங்கள்.

நேட் டைப் ‘ஸ்டிரிக்ட்’ என்றதும் ரவுட்டரைத் திட்டுவது

வெளியிலிருந்து மற்ற ஆட்டக்காரர்கள் உங்களோடு இணைய எவ்வளவு வழி இருக்கிறது என்று கேம் காட்டுவதுதான் நேட் டைப்; ‘ஸ்டிரிக்ட்’ என்றால் வழி அடைபட்டிருக்கிறது. ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் சர்வீஸ் கொடுக்கும் நிறுவனமே பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இரண்டிலும் குற்றவாளி நீங்கள் சோதிக்கும் ரவுட்டர் இல்லை.

ஃபர்ம்வேர் எண்ணைக் குறிக்காமல் விடுவது

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். புதுப் பதிப்பு வந்தால் லைனை நிரப்பிச் செய்யும் அந்தச் சோதனையை மட்டுமாவது மறுபடி ஓட்டி, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.