அறுவைக்கு முன் ஒப்புதல்: நம் வீடுகளில் நேரும் தவறுகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வளவில் இருந்த அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோயால் இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போனபோது, மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவையைப் பற்றிய பேச்சு முழுவதும் அறைக்கு வெளியே, வராந்தாவிலேயே நடந்தது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கைப்பேசியில் விசாரித்தார், அப்பா சம்மதித்தார், நான் படிவத்தை வாங்கிவந்து அப்பத்தாவிடம் நீட்டினேன். நாளிதழை வரி விடாமல் படிப்பவர் அவர்; படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு, "என் கால என்னய்யா செய்யப் போறாக?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல அப்பத்தா, போடுங்க" என்றேன். அப்படிச் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

நம் பக்கத்து வீடுகளில் மிகுதியாக நடக்கும் தவறு இதுதான்: நோயாளி தெளிவான மனத்தோடு கட்டிலில் இருக்கும்போதே, அவருக்குப் பதிலாகப் பிள்ளைகள் முடிவெடுத்துவிடுவது. திருமணத்தின்போது இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தை எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடும் வழக்கம் நகரத்தாரிடம் உண்டு. அங்கே குடும்பம் பேசுவது முறை. உடம்பு அப்படிப்பட்டதன்று. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் சம்மதம் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியிருந்தார்கள். முடிவெடுக்கும் நிலையிலுள்ள, வயதுவந்த ஒருவருக்காக வேறு யாரும், தாயே ஆனாலும், ஒப்புதல் தர முடியாது என்றும், உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை அங்கே இல்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

"சொன்னால் தாங்கமாட்டார்" என்று புற்றுநோயை மறைப்பதும் இதன் தொடர்ச்சியே. அன்பினால்தான் மறைக்கிறோம், ஆயினும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டுவிடலாம். "நீங்களே பாத்துக்கங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேட்காமலேயே நாம் அனுமானித்துக்கொள்வது அப்படியன்று.

படிவத்தில் கையெழுத்து விழுந்தால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நினைப்பது மருத்துவமனைகளும் செய்யும் தவறு. என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான அபாயங்கள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்குப் புரியும்படி மருத்துவர் சொல்ல வேண்டும் என்பது அதே தீர்ப்பின் அடிப்படை. ஆகவே தமிழில் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். நிரப்பாத இடங்கள் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது படிவத்தை நீட்டினால், முந்தின நாளே தந்திருக்கலாமே என்று கேட்பதில் தவறில்லை.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கட்டாயம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும்.

விபத்தில் நினைவிழந்து வந்தவருக்கு உறவினர் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது எதிர்ப்பக்கத் தவறு; அத்தகைய அவசரத்தில் ஒப்புதலின்றியே உயிர்காக்கச் சட்டம் இடம் தருகிறது.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியே பெரிய வீட்டிலும் இருக்கும் நம் ஊர்களில், முதியவரின் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்காததையும் தவறாகவே கருதுகிறேன். மீள முடியாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

அறுவைக்குப் பின், கட்டுப்போட்ட காலைப் பார்த்து எத்தனை விரல் என்று அப்பத்தா கேட்டார். "ரெண்டு" என்றேன். "மொதல்லயே சொல்லியிருந்தா நானே சரின்னிருப்பேனே" என்றார்.