தாராளமான பணத்தோடு வைர மோதிரம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தம்பி நிச்சயதார்த்த மோதிரம் வாங்கக் கிளம்பியபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான். “2 கேரட், டி நிறம், ஐஎஃப் தெளிவு” என்று அதில் எழுதியிருந்தது. டி என்றால் நிறமே இல்லாத கல், ஐஎஃப் என்றால் உள்ளே குறையே இல்லாத கல். பல வருடம் சேர்த்த பணம் இருந்தது; குறைவில்லை. உச்சத் தரங்களாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் தவறு நடக்க வழியே இல்லை என்று நம்பினான். கடைக்காரர் அவன் கேட்ட கல்லை எடுத்து வைத்தார். பக்கத்தில் இன்னொன்றையும் வைக்கச் சொன்னேன்: 1.8 கேரட், ஜி நிறம், விஎஸ்1 தெளிவு; நிறத்திலும் தெளிவிலும் சில படி கீழே உள்ளது. இரண்டையும் கடை விளக்குகளுக்கு அடியிலிருந்து ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய், சான்றிதழ்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உன் கல் எது, சொல்” என்றேன். தயங்காமல் ஜி கல்லைத் தொட்டு, “இதுதானே அக்கா?” என்றான்.

அவன் கேட்ட கல்லில் ஆழம் அதிகம். ஜன்னல் வெளிச்சத்தில் அதன் நடுவே ஆணித்தலை போல ஒரு கருவட்டம் தெரிந்தது. தாளில் அது அந்தக் கடையின் மிக உயர்ந்த கல். கண்ணுக்கு அது மங்கல். பணம் இறுக்கமாக இருப்பவர் பத்துக் கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கையில் தாராளமாக இருப்பவரோ பல நேரங்களில் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். எழுத்துகளையும் எண்களையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்திலிருந்து கிளைத்த தவறுகள்தான்.

எடையைக் கேட்டு அளவை மறப்பது

கேரட் என்பது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். அதை நூறு செண்டாகப் பிரிக்கிறார்கள். விரலில் தெரிவது எடை அல்ல, கல்லின் முகப்பரப்பு. நன்றாக வெட்டப்பட்ட 1 கேரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 2 கேரட்டுக்குச் சுமார் 8.1. எடை இரட்டிப்பானாலும் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. இது தெரியாமல், “இரண்டு மடங்கு பெரிய கல்” என்ற எண்ணத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்பவர்கள் உண்டு.

அதைவிட மோசமானது முழு எண்ணின் மீதான ஆசை. 1.00, 1.50, 2.00, 3.00 என்ற எல்லைகளைத் தாண்டும்போது கேரட்டுக்கான விலையே ஒரு படி தாவுகிறது. 1.90 கேரட்டுக்கும் 2.00 கேரட்டுக்கும் விட்டத்தில் சுமார் 0.14 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. எந்தக் கண்ணும் அதைப் பிடிக்காது. இந்த ஆசை தெரிந்துதான், எடையை 2.00-க்கு மேல் நிறுத்துவதற்காகக் கல்லின் இடுப்பை (மேல்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பை) தடிப்பாக விட்டும், அடிப்பகுதியை ஆழமாக விட்டும் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூடுதல் எடை மோதிரத்துக்குள் மறைந்து கிடக்கும். அப்படிப்பட்ட 2.00 கேரட் கல், ஒழுங்காக வெட்டிய 1.90 கல்லைவிடச் சிறியதாகத் தெரிவதும் உண்டு. எனவே கேரட்டோடு நிறுத்தாமல் மில்லிமீட்டரையும் கேளுங்கள். சான்றிதழில் அது அச்சிடப்பட்டே இருக்கும்.

கோஹினூர் வைரத்தின் கதை இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதைப் பார்க்கத் திரண்ட கூட்டம், எதிர்பார்த்த மினுமினுப்பு இல்லையே என்று ஏமாற்றத்தோடு திரும்பியது. அடுத்த ஆண்டு அதை மறுபடியும் வெட்டினார்கள். 186 கேரட்டுக்கு மேல் இருந்த கல் 105.6 கேரட்டாகச் சுருங்கியது. அரச குடும்பமே ஒளிக்காக அவ்வளவு எடையை இழக்கத் துணிந்தது.

“எக்ஸலன்ட்” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவது

வைரம் ஏன் மின்னுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் விலகிவிடும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே நுழைந்த ஒளி, அடிப்பட்டைகளில் 24.4 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் விழுந்தால் வெளியேற வழியின்றி முழுவதும் திரும்புகிறது. எதிர்ப்பட்டையில் மீண்டும் பட்டு, மேலே நம் கண்ணுக்கு வருகிறது. அடிப்பகுதி மிக ஆழமாகவோ மிகத் தட்டையாகவோ இருந்தால் ஒளி பின்பக்கமாகக் கசிந்துவிடும். ஆழம் கூடினால் என் தம்பி பார்த்த கருவட்டம். தட்டையானால் மேல்முகத்துக்குள், அதாவது உச்சியில் உள்ள பெரிய தட்டைப் பட்டைக்குள், மீன்கண் போல ஒரு வெளிறிய வளையம்.

வைரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் வட்ட வைரத்துக்கான விகிதங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். இன்றைய நல்ல வட்டக் கற்களும் அதையொட்டியே இருக்கின்றன. கல்லின் விட்டத்தில் மேல்முகம் 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5 சதவீதம், மேல்சரிவு 34 முதல் 35 பாகை, அடிச்சரிவு 40.6 முதல் 41 பாகை என்ற வரம்புக்குள் தேடினால் ஏமாற்றம் குறைவு. சான்றிதழில் வெட்டுக்கு உச்சத் தரமான “எக்ஸலன்ட்” என்று இருந்தாலே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்தத் தரத்தின் எல்லை அகலமானது. அதற்குள்ளேயே உயிருள்ள கல்லும் உண்டு, சுமாரான கல்லும் உண்டு. பணம் தாராளமாக இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்; இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

வட்டமில்லாத வடிவங்களில் இன்னொரு குழி இருக்கிறது. வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தரும் ஜிஐஏ ஆய்வகம் 2006 முதல் தந்துவரும் வெட்டுத் தரம் வட்ட வைரத்துக்கானது. ஓவல், குஷன், எமரால்டு, துளி வடிவக் கற்களின் சான்றிதழில் “மெருகு: எக்ஸலன்ட், சமச்சீர்: எக்ஸலன்ட்” என்று இருப்பதைப் பார்த்து வெட்டே உயர்தரம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பட்டைகள் எவ்வளவு சுத்தமாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றன, எவ்வளவு நேராக அமைந்திருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. ஒளி திரும்பி வருகிறதா என்பதை அல்ல. ஓவல், துளி வடிவங்களில் நடுவே குறுக்காக இருபுறமும் விரியும் கருநிழல் ஒன்று விழும். தொழிலில் அதை “போ டை” என்கிறார்கள். லேசாக இருந்தால் அது கல்லுக்கு அழகுதான். கல்லை எப்படிச் சாய்த்தாலும் அகலாமல் நின்றால் அதை விட்டுவிடுங்கள். இதைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது. கல்லையோ அது அசையும் வீடியோவையோ பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணுக்கு எட்டாததற்குப் பணம் கொடுப்பது

காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்குப் பழந்தமிழிலேயே பெயர்கள் உண்டு. இன்றைய ஆய்வகங்கள் அவற்றைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்து எஃப்எல் (குறையே இல்லாதது) தொடங்கிப் பதினொரு படிகளாகப் பிரிக்கின்றன. விஎஸ்1-க்கு மேலே உள்ள படிகளின் வேறுபாடு அந்த உருப்பெருக்கியின் வேறுபாடு. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது இல்லவே இல்லை. குறையே இல்லாத கல் என்ற எண்ணம் உங்கள் மனத்துக்கு நிறைவைத் தருமானால் வாங்குங்கள், அது நியாயமான ஆசை. ஆனால் மோதிரம் அதனால் கூடுதலாக மின்னும் என்று நினைத்து வாங்காதீர்கள். எமரால்டு, ஆஷர் போன்ற படிக்கட்டு வெட்டுகள் மட்டும் விலக்கு. அவற்றின் அகன்ற பட்டைகள் கண்ணாடி ஜன்னல் போல உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். அங்கே ஒரு படி மேலே போவது வீணாகாது.

நிறத்திலும் அப்படியே. ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து, ஒப்புக் கற்களோடு சேர்த்துப் பார்த்துத்தான் டி முதல் இசட் வரை எழுத்துத் தருகிறார்கள். விரலில் கல் நிமிர்ந்து இருக்கிறது, பக்கத்தில் ஒப்புக் கல்லும் இல்லை. நன்றாக வெட்டிய எஃப், ஜி கற்களைப் பெரும்பாலோர் வெள்ளை என்றே சொல்வார்கள். டி நிறக் கல்லை விலை கொடுத்து வாங்கி மஞ்சள் தங்கப் பிடிக்குள் உட்கார வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தங்கத்தின் மஞ்சளைக் கல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொடுத்த பணம் அங்கேயே கரைந்துவிடுகிறது. அதே சமயம், கல் 3 கேரட்டைத் தாண்டும்போது நிறம் எளிதாகத் தெரியத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சான்றிதழ் சொல்லாதவை

நிறத்தின் எழுத்து, சாயம் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அந்தச் சாயம் மஞ்சளா, பழுப்பா, பச்சையா என்பதை மேல்படிகளில் தனியே சொல்வதில்லை. பழுப்போ பச்சையோ தட்டினாலும், பால் கலந்தது போல மங்கினாலும் வியாபாரிகள் விலையைக் குறைத்துத்தான் வாங்குகிறார்கள். வாடிக்கையாளரிடம் அந்தக் குறைப்பு எப்போதும் வந்து சேர்வதில்லை. ஒரே தரம், ஒரே எடை, ஆனால் விலை மட்டும் சந்தேகப்படும்படி மலிவு என்றால் காரணத்தை நேராகக் கேளுங்கள். “காட்டப்படாத மேகங்களை வைத்துத் தெளிவுத் தரம் தரப்பட்டது” என்ற பொருளில் குறிப்பு ஒன்று எஸ்ஐ (விஎஸ்-க்குக் கீழ்ப்படி) தரக் கல்லின் சான்றிதழில் இருந்தால், மேகம் என்பது நுண்புள்ளிகளின் கூட்டம் என்பதால், கல் முழுக்கவே மூட்டமாக இருக்கக்கூடும். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் தன்மைக்கு மட்டும் அஞ்சி ஓட வேண்டாம். பெரும்பாலான கற்களில் அதனால் கெடுதல் இல்லை. மிக வலுவாக ஒளிரும் கல்லை மட்டும் வெயிலில் ஒருமுறை பாருங்கள், புகை படிந்தது போல இருக்கிறதா என்று.

ஆய்வகத்தில் வளர்ந்த கல்லா, மண்ணுக்குள் விளைந்த கல்லா என்பதைக் கடை முகப்பில் நின்று முடிவு செய்வதும் தவறுதான். இரண்டும் கரிமம், இரண்டுக்கும் ஒரே கடினம். சாதாரண வைரச் சோதனைக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகக் கல்லின் விலை கடந்த பத்தாண்டில் பெரிதும் சரிந்துவிட்டது. அதே பணத்தில் மிகப் பெரிய கல் கிடைக்கும். பின்னாளில் விற்கப் போனால் கொஞ்சம்தான் கிடைக்கும். மண்ணில் விளைந்த கல்லையும் வாங்கிய விலைக்கு விற்றுவிடலாம் என்று நம்ப வேண்டாம். எது சரி என்பது அணியப் போகிறவரின் மனத்தைப் பொறுத்தது. அவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கல்லுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது

இத்தனை மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிட வேண்டும் என்ற கணக்கு டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்கள் பரப்பியது. அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை மோதிரம் கட்டும் வேலைக்கும் காப்பீட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியில் கல்லைத் தேடுங்கள்.

வைரம் கடினமானதுதான், எளிதில் கீறல் விழாது. ஆனால் அதற்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் இருக்கின்றன. சரியான இடத்தில் ஓர் அடி விழுந்தால் உடையும். துளி, மார்க்கீஸ், பிரின்சஸ் வடிவங்களின் கூர்முனையை மூடிப் பிடிக்கும் உலோகப் பிடி இல்லாமல் மோதிரம் கட்டக்கூடாது. பெரிய வட்டக் கல்லுக்கு அதைப் பிடிக்கும் உலோக நகங்கள் நான்கைவிட ஆறு இருப்பது பாதுகாப்பு. ஒன்று வளைந்தாலும் கல் நிற்கும். வெள்ளைத் தங்கம் முழு வெள்ளை அல்ல, மேலே ரோடியம் முலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியிருக்கும். பிளாட்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வளையம் முழுவதும் கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பெரும்பாலும் முடியாது. விரலோ காலையில் ஓர் அளவு, வெப்பமான மாலையில் வேறோர் அளவு. கல் கனமாகவும் வளையம் ஒல்லியாகவும் இருந்தால் மோதிரம் விரலில் சுழன்று உள்ளங்கைப் பக்கம் போய்விடும். கையுறை அணிந்து வேலை செய்பவருக்கு உயரமான கட்டு தினமும் இடைஞ்சல்.

வாங்கும் நாளில் விற்பவரே தரும் மதிப்பீட்டுத் தாளில் நீங்கள் கொடுத்ததைவிடப் பெரிய தொகை இருந்தால் மகிழ வேண்டாம். அதை வைத்துக் காப்பீடு எடுத்தால் கூடுதல் பிரீமியம் கட்டுவதைத் தவிர வேறு பலன் அரிது. கடையைச் சாராத மதிப்பீட்டாளரிடம், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் காட்டுங்கள். கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணை உருப்பெருக்கியில் படித்து, சான்றிதழ் எண்ணோடும் ஆய்வகத்தின் இணையப் பதிவோடும் ஒத்துப் பாருங்கள். மோதிரம் பட்டறைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. வாங்கிய இரண்டு மாதத்தில் கல் மங்கிவிட்டதே என்று பதறுகிறவர்கள் அதிகம். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் விடாத ஒட்டுதல். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைமேல் நீரோடு கற்களை ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பிரித்தெடுத்ததே இதனால்தான். கைக்குப் பூசும் கிரீம் கல்லின் அடிப்பட்டைகளில் படிந்தால் ஒளி திரும்பும் இடமே அடைபட்டுவிடுகிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் சற்று நேரம் ஊற வைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கல்லின் பின்பக்கத்தைத் தேயுங்கள். கழுவும் தொட்டியின் வடிகால் துளையை மட்டும் முன்கூட்டியே மூடிவிடுங்கள்.