சாரிசார்ட் கார்ட் சேர்க்கத் தொடங்குவது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

போக்கிமான் கார்ட் சேர்க்கும் யாரிடமும் பேசிப் பாருங்கள், கடைசியில் பேச்சு சாரிசார்ட் என்ற கற்பனை விலங்கில்தான் வந்து நிற்கும். செம்மஞ்சள் உடம்பு, விரித்த சிறகு, வால் நுனியில் அணையாத தீ. பார்த்த எவரும் டிராகன் என்றுதான் சொல்வார்கள். (விளையாட்டின் கணக்கில் அது டிராகன் வகையே இல்லை. நெருப்பும் பறத்தலும் சேர்ந்த வகை. மெகா சாரிசார்ட் எக்ஸ் என்ற வடிவம் மட்டும் டிராகன் வகைக்குள் வரும்.)

வெளிநாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் "பக்கத்துக் கார்ட் கடைக்குப் போங்கள்" என்று தொடங்கும். நமக்கு அது சரிவராது. கொழும்பில் பெரிய காசை வெளியே எடுக்க முன்னர் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: போலியை அடையாளம் காண்பது, ஈரப்பதத்திலிருந்து காப்பாற்றுவது. அதனால்தான் இந்த விளக்கத்தில் பெறுமதியான கார்ட் வாங்கும் கட்டம் ஐந்தாவதாக வருகிறது.

படி 1: எந்தச் சாரிசார்ட் என்று தீர்மானியுங்கள்

"சாரிசார்ட் கார்ட்" என்று ஒன்று இல்லை. இதுவரை வந்தவற்றில் சில ஒரு சோற்றுப் பார்சல் விலைக்குக் கிடைக்கும், சில வீட்டு விலை.

எல்லாவற்றுக்கும் மூலம் பேஸ் செட் என்ற முதல் தொகுதி. ஜப்பானில் 1996 ஒக்டோபரிலும், ஆங்கிலத்தில் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வெளியீடாக 1999 ஜனவரியிலும் வந்தது. ஆங்கிலத் தொகுதியில் 102 கார்டுகள், அதில் சாரிசார்டின் எண் 4/102. வரைந்தவர் மிட்சுஹிரோ அரிடா. இந்த ஒரே கார்டே மூன்று முக்கிய அச்சுகளில் இருக்கிறது. படத்தின் கீழ் இடப்பக்கம் சிறிய 'ஃபர்ஸ்ட் எடிஷன்' முத்திரை இருந்தால் அது முதல் அச்சு. முத்திரை இல்லை, படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழலும் இல்லை என்றால் அது ஷேடோலெஸ். நிழல் இருந்தால் அன்லிமிடெட். முதல் அச்சு, கார்டின் நிலைக்கு 10 வரை புள்ளி கொடுக்கும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் 10 புள்ளியோடு, 2022இல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. நிழல் உள்ள அன்லிமிடெட் கார்ட் அந்த விலையின் பக்கத்தில்கூட வராது. நிழலை மறந்துவிட்டு "பழைய சாரிசார்ட்" என்று விலை பேசினால் விற்பவருக்குத்தான் கொண்டாட்டம்.

அதே படம் பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. 2000இல் பேஸ் செட் 2 தொகுதியில் 4/130 ஆகவும், 2002இல் லெஜண்டரி கலெக்ஷனில் 3/110 ஆகவும் வந்தது. 2016இல் எவொலூஷன்ஸ் தொகுதி பழைய பாணியைப் பின்பற்றி 11/108 என்ற எண்ணோடு ஒன்றை வெளியிட்டது. 2021இன் செலிப்ரேஷன்ஸ் தொகுதியில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் அதிலுள்ள மறுபதிப்பு எண்கூட மாறாமல் 4/102 என்றே இருக்கும். படத்தின் மூலையில் 25ஆம் ஆண்டு முத்திரையையும் அடியில் உள்ள பதிப்புரிமை ஆண்டையும் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

புதியவர்கள் பழையதை விட்டுவிட்டு 2023 முதல் வந்தவற்றில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. 151 என்ற தொகுதியில் 6/165 சாதாரண விலை, 199/165 உயர்ந்த விலை. ஒப்ஸிடியன் ஃபிளேம்ஸ் தொகுதியில் 125/197 எளிதாகக் கிடைக்கும், 223/197 கிடைக்காது. முதல் எண் இரண்டாவது எண்ணைத் தாண்டியிருந்தால் அது தொகுதியின் கணக்குக்கு அப்பாற்பட்ட அரிய கார்ட். இந்த ஒரு விதியை மனதில் வைத்தாலே பாதிப் பேரம் புரிந்துவிடும். முதலில் 6/165, 125/197 போன்றவற்றை வாங்கிக் கைப்பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கும் அவை தேவைப்படும்.

படி 2: போலியைப் பிரித்தறியப் பழகுங்கள்

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் விளையாட்டுச் சாமான் கடைகளைக் கடந்து நடந்தால் பளபளக்கும் பொன்னிறப் பெட்டி கண்ணில் படும். உள்ளே ஐம்பத்தைந்து கார்ட், எல்லாம் தங்க நிறம், விலை சில நூறு ரூபாய். பிள்ளைகள் விளையாட நல்ல சாமான். சேர்ப்பதற்கு ஒன்றும் தேறாது. பொன்னிறக் கார்ட் உண்மையிலேயே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒப்ஸிடியன் ஃபிளேம்ஸ் தொகுதியின் 228/197 பொன்னிறம்தான். 2021இல் ஒரு விலையுயர்ந்த செலிப்ரேஷன்ஸ் பெட்டியில் உலோகத்தாலான சாரிசார்டே வந்தது. ஆனால் ஒரு பெட்டி முழுக்கத் தங்கமாக எந்த அதிகாரபூர்வ வெளியீடும் வராது.

கண்ணுக்கு உடனே தெரியாத போலிகள்தான் ஆபத்து. அவற்றுக்கு இப்படிச் செய்யுங்கள்.

உண்மை என்று உறுதியான ஒரு மலிவுக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகக் கார்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க நீலம் இரண்டிலும் ஒன்றா? போலியில் நீலம் பெரும்பாலும் வெளிறியோ ஊதாப் பக்கம் சாய்ந்தோ இருக்கும். இப்போது இரண்டையும் திருப்பி, பெயரை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். போக்கிமான் என்ற ஆங்கிலச் சொல்லில் 'இ' எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு வரும், போலிகளில் அது அடிக்கடி காணாமல் போகும்.

அடுத்து போன் டோர்ச். இருட்டறையில் கார்டின் பின்னால் டோர்ச்சைப் பிடியுங்கள். உண்மையான கார்டின் நடுவில் ஒரு கரும் அடுக்கு ஒட்டப்பட்டிருக்கும், அதனால் வெளிச்சம் மங்கலாகத்தான் கசியும். போலி முழுதாக ஒளிரும். கார்டைக் குறுக்கே திருப்பி விளிம்பைக் கூர்ந்து பார்த்தாலும் அந்தக் கரும் கோடு மயிரிழை போலத் தெரியும். யாரோ சொன்னார்கள் என்று கிழித்துப் பார்க்காதீர்கள். கிழித்த பிறகு எது உண்மையாக இருந்து என்ன பயன்?

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். உண்மைக் கார்டில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், எழுத்து மட்டும் கெட்டியான கறுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். போலியில் எழுத்தும் புள்ளிகளால் ஆகி ஓரம் கலங்கி நிற்கும்.

199/165 போன்ற அரிய புதிய கார்டுகளில் இன்னொரு சோதனை இருக்கிறது. மேற்பரப்பில் மெல்லிய வரிகள் புடைத்திருக்கும். யன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும், நகத்தின் பின்புறத்தால் மெதுவாகத் தொட்டாலும் உணரலாம். போலி வழுவழுவென்று இருக்கும். பழைய பேஸ் செட்டில் பார்க்க வேண்டியது வேறு: அங்கே மினுக்கம் படச் சதுரத்துக்குள் மட்டும்தான். கார்ட் முழுதும் மினுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எண்களையும் பாருங்கள். பேஸ் செட் சாரிசார்டுக்கு 120 எச்பி, ஃபயர் ஸ்பின் தாக்குதலுக்கு 100, பலவீனம் நீர், எதிர்ப்பில் 30. இவற்றில் ஒன்று பிசகினாலும் வேறு சோதனை தேவையில்லை.

படி 3: கார்ட் வர முன்னர் வீட்டைத் தயார் செய்யுங்கள்

கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடல் பக்கத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் கூடவே வரும். மினுக்கக் கார்டுக்கு இது ஏன் பகை என்றால், அதன் ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சாத படலம், மறுபக்கம் உறிஞ்சும் காகிதம். காகிதம் விரிய, படலம் விரியாமல் நிற்க, கார்ட் வளைந்துவிடும். நனைய வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் மேசையில் திறந்து வைத்தாலே போதும்.

வாங்க வேண்டியவை: மெல்லிய உறை, அதாவது ஸ்லீவ், டாப்லோடர் எனும் கெட்டியான பிளாஸ்டிக் உறை, காற்றுப் புகாத மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர். ஸ்லீவும் டாப்லோடரும் பிவிசி கலக்காததாக இருக்கட்டும். பிவிசி காலப்போக்கில் கார்டில் ஒட்டிக்கொள்ளும்.

கார்டை முதலில் ஸ்லீவுக்குள் போட்டு, அப்புறம்தான் டாப்லோடருக்குள் இறக்க வேண்டும். வெறும் கார்டை டாப்லோடரில் செருகினால் செருகும்போதே கீறல் விழும். வாயை மூடுவதற்கு மாஸ்கிங் டேப் போதும், செலோடேப் கறை விடும். பிறகு பெட்டிக்குள் நிறுத்தி, சிலிக்கா ஜெல் பையை ஒரு ஓரத்தில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். மீட்டர் 45 முதல் 55 வீதம் வரை நின்றால் நல்லது. கூடுதல் ஜெல் போட்டு வறட்சியாக்கினாலும் கார்ட் எதிர்ப்பக்கம் வளையும், கவனம். ஏசி அறையில் திறந்து வைத்துவிட்டு இரவில் ஏசியை நிறுத்தும் பழக்கம் வேண்டாம். ஈரம் ஏறி இறங்குவதுதான் கார்டை அதிகம் வருத்தும்.

பைண்டர் விரும்புபவர்கள் வளையமில்லாததாக, பக்கவாட்டில் செருகுவதாகப் பாருங்கள். வளைய பைண்டரை மூடும்போது உள் வரிசைக் கார்டில் வளையம் அழுந்திப் பள்ளம் விழும்.

படி 4: உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

ஈபேயில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் போட்டு, கார்டின் பெயரையும் எண்ணையும் சேர்த்துத் தேடி, கடைசியாக விற்ற சிலவற்றின் நடுத்தர விலையை எடுங்கள். கார்ட் விற்கும் டிசிஜி பிளேயர் தளத்தின் சந்தை விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎஸ்ஏ 10 பெற்ற கார்டின் விலையையும் வெறும் கார்டின் விலையையும் கலந்துவிடாதீர்கள்.

படி 5: வாங்குங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. பூஸ்டர் பக்கெட், அதாவது உள்ளே எந்தக் கார்ட் என்று தெரியாத மூடிய பக்கெட், வாங்கி உடைத்து சாரிசார்ட் எடுக்கலாம் என்று நினைப்பது லொத்தர். உடைக்கும் சந்தோஷத்துக்கு ஒன்றிரண்டு வாங்கலாம், அவ்வளவுதான். தேவையான கார்டைத் தனியாக வாங்குவதே மலிவு. அதோடு, திறந்து நல்லதை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிய பக்கெட்டுகளும் சந்தையில் உலவுகின்றன.

நமக்கு இருக்கும் பெரிய வசதி உறவுக்காரர். 1999, 2000 காலத்தில் லண்டனிலோ டொரொண்டோவிலோ பள்ளிக்கூடம் போன அண்ணாமார், அக்காமாரில் எத்தனையோ பேர் இந்தக் கார்டுகளை வைத்து விளையாடியவர்கள். அந்தப் பெட்டி இன்னமும் ஏதோ அலுமாரியின் மேல் தட்டில் கிடக்கலாம். அடுத்த முறை போன் எடுக்கும்போது கேளுங்கள்: "மாமி, அண்ணாட பழைய போக்கிமான் கார்ட் எல்லாம் எங்க? ஒண்டையும் எறிஞ்சு போடாதீங்கோ, ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்புங்கோ." கார்ட் இருந்தால் நியாயமான விலையை நீங்களே சொல்லுங்கள். சொந்தத்துக்குள் மதிப்பு தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு தெரியவந்தால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது. ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பும்போது டாப்லோடரில் போட்டு, இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே வைத்து, கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கார்ட் விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள். சுங்கம் பெறுமதியைப் பார்க்கும்போது அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேரும், அதன்மேல் 18 வீத வற் உட்பட வரிகள் வரலாம். பத்து டாலர் கார்டைத் தனியாக இறக்குவது பெரும்பாலும் கட்டாது. ஒரே விற்பனையாளரிடம் சிலவற்றைச் சேர்த்து எடுப்பது புத்தி.

உள்ளூரில் வாங்குவதானால் மெஜஸ்டிக் சிட்டி மாதிரி ஆள் நடமாட்டமுள்ள, வெளிச்சமான இடத்தில் சந்தியுங்கள். அதற்கு முன்னரே முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை ஆகியவற்றின் படங்களும், கார்டை வெளிச்சத்தில் சாய்க்கும் சிறிய வீடியோவும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் அன்றைய திகதி எழுதிய தாள் இருக்கட்டும். இதற்குச் சாக்குச் சொல்பவரை விட்டுவிடலாம்.

படி 6: நிலையைப் பாருங்கள்

கையில் வாங்கியதும் நான்கு விஷயம்: ஓரங்கள் நான்கும் சம அகலமா, மூலைகள் கூரா, விளிம்பில் வெள்ளை தெரிகிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா. வெள்ளை பின்பக்க நீல ஓரத்தில்தான் முதலில் தெரியும், அதனால் கார்டைக் கவிழ்த்து வடிவாகப் பாருங்கள். கீறலுக்கு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்க்க வேண்டும், நேராகப் பிடித்தால் மறைந்துவிடும்.

படி 7: தரமிடல்

பிஎஸ்ஏ, பெக்கட், சிஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து, 10 வரை புள்ளி கொடுத்து, கெட்டியான உறைக்குள் அடைத்துத் தரும். கொழும்பிலிருந்து அனுப்பித் திரும்பப் பெறும் செலவையும் வழியில் தொலையும் அபாயத்தையும் பார்த்தால், தொடங்குபவர் இதில் இறங்கத் தேவையில்லை. விலையுயர்ந்த ஒன்று வேண்டுமென்றால் ஏற்கெனவே தரமிட்டதையே வாங்குங்கள். உறையில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அடித்து, வரும் விபரமும் கையில் உள்ள கார்டும் ஒன்றா என்று சரிபாருங்கள். உறையிலும் போலி உண்டு.

படி 8: கணக்கு எழுதுங்கள்

கொப்பியோ எக்செல்லோ, ஏதாவது ஒன்றில் கார்டின் தொகுதி, எண், வாங்கிய திகதி, நிலை, கொடுத்த காசு எல்லாம் இருக்கட்டும். முன்பின் படங்களையும் சேர்த்து வையுங்கள். விலையை மட்டும் இரண்டு நிரலில் எழுத வேண்டும், ஒன்று ரூபாய், மற்றது அன்றைய டாலர். 2022இல் ரூபாய் விழுந்தபோது பலருக்கும் தங்கள் கார்டின் விலை ஏறிவிட்டதாகத் தோன்றியிருக்கும். டாலர் 200 ரூபாயாக இருந்தபோது வாங்கிய 50 டாலர் கார்டுக்கு 10,000 ரூபாய். டாலர் 300 ஆனதும் அதே கார்ட் 15,000 ரூபாய். கார்ட் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. விற்க நினைத்தால் முதலில் டாலர் நிரலைப் பாருங்கள்.