பழைய காரின் ப்ளோவர் கத்துகிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

குமரி மாவட்டத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் ஆனி, ஆடி மழையில் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாது. அந்த ஆவியைக் கலைப்பதும், பங்குனி வெயிலில் ஏசிக் காற்றைத் தள்ளுவதும் ஒரே ப்ளோவர் மோட்டார்தான். அது கத்த ஆரம்பித்தால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் "மோட்டார் போச்சு, மாத்திரலாம்" என்பார்கள். பல நேரம் மோட்டார் நன்றாகவே இருக்கும். உள்ளே விழுந்த ஒரு ரப்பர் இலைக் காம்பு போதும், அவ்வளவு சத்தத்துக்கும்.

என் வண்டி இருபது வயதை நெருங்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக். மாருதி 800, பழைய ஆல்ட்டோ போன்ற சின்ன வண்டிகளிலும் அமைப்பு ஏறத்தாழ இதேதான். இடது பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் ப்ளோவர் இருக்கும்.

முதலில் காது கொடுங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ப்ளோவரை ஒவ்வொரு ஸ்பீடாகக் கூட்டுங்கள். சத்தமும் கூடவே ஏறினால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும் சத்தம் என்றால் பெல்ட், ஏசி கம்ப்ரசர் பக்கம் பாருங்கள்.

'டகடக', 'சரசர' என்றால் சருகோ குச்சியோ விசிறியில் அடிபடுகிறது. காலையில் போட்டவுடன் 'கிரீச்' என்று கத்தி, கொஞ்சம் ஓடியதும் அடங்கினால் மோட்டாரின் தண்டு (ஷாஃப்ட்) சுழலும் உலோக வளையம், அதாவது புஷ், வறண்டிருக்கிறது. 'உர்ர்' என்ற உறுமலோடு டேஷ்போர்டும் அதிர்ந்தால் விசிறியின் பேலன்ஸ் போயிருக்கிறது: ஒரு பக்கம் அழுக்கு அப்பியிருக்கலாம், இதழ் உடைந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் 'கரகர' என்று உரசினால் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது என்று சந்தேகப்படலாம்.

சத்தம் எதுவும் இல்லை, ஆனால் கடைசி ஸ்பீடில் மட்டும்தான் ஓடுகிறது என்றால் அது ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் குறைத்து ஸ்பீடைக் குறைக்கும் பாகத்தின் கோளாறு. கடைசி ஸ்பீடில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகாது, அதனால்தான் அது மட்டும் தப்பிக்கிறது. மோட்டாரைக் கழற்றத் தேவையில்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் நீளத்தில் ஒன்று, குட்டையாக ஒன்று. 8, 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர், பழைய பெயின்ட் பிரஷ், டார்ச், மார்க்கர் பேனா, மூக்குக்கு மாஸ்க். எலி குடியிருந்த வண்டி என்றால் மாஸ்க் கட்டாயம். ஸ்க்ரூடிரைவர் முனையில் காந்தம் இருப்பது நல்லது. டேஷ்போர்டுக்குள் விழுந்த திருகைத் தேடுவது தனி வேலை. பேட்டரியில் ஓடும் டிரில்லை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். திருகு இறங்குவது பிளாஸ்டிக்கில். ஒரு முறை கூடுதலாக முறுக்கினால் மரை வழுக்கிவிடும்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிடுங்கள். க்ளவ் பாக்ஸைக் கழற்றுவது எளிது, அதற்கு விளக்கம் வேண்டாம். உள்ளே குனிந்து பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் கூட்டின் அடியில் வட்டமான மோட்டார் தெரியும். வயரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரைப் பிடுங்கும்போது வயரை இழுக்காமல் பூட்டை அழுத்தி எடுங்கள். கப்ளர் உருகியோ பழுப்பேறியோ இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் செம்புப் பின்னில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அந்த இடம் சூடாகி உருகும்.

ஏசி கேஸ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மோட்டாரை மட்டும் இறக்குவதில் கேஸ் பைப்பையும் தொடுவதில்லை, ஹீட்டர் தண்ணீர்க் குழாயையும் தொடுவதில்லை.

அடுத்ததுதான் எனக்கு அதிக நேரம் பிடித்த இடம். மோட்டாரைத் தாங்குவது பெரும்பாலும் மூன்று திருகுகள். இரண்டு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது எஞ்சின் பக்கச் சுவரை ஒட்டி, பார்க்கவே முடியாத மூலையில் இருக்கும். தலையை உள்ளே விட்டுப் பயனில்லை. போன் கேமராவை வீடியோவில் போட்டு, ஃபிளாஷோடு மோட்டாருக்குப் பின்னால் நீட்டுங்கள், திருகு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, வாசலுக்கு வெளியே முட்டி போட்டு, இடது கையால் குட்டை ஸ்க்ரூடிரைவரை நேராக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். சாய்த்துத் திருப்பினால் தலை நைந்துவிடும், அப்புறம் கூட்டையே இறக்க வேண்டிவரும்.

மூன்றாவதை எடுக்கும் முன் இரண்டு காரியம். ஒன்று, மோட்டார் விளிம்பிலும் கூட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. சில மோட்டார்கள் மூன்று திசையிலும் உட்காரும், ஆனால் வயர் ஒரு திசைக்குத்தான் எட்டும். இரண்டு, மோட்டாரைக் குளிர்விக்கக் காற்று கொண்டுவரும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதைக் கழற்றி, திரும்ப மாட்டுவதற்கு நினைவில் வையுங்கள். அதை விட்டுவிட்டால் மோட்டார் சூடாகிச் சீக்கிரம் சாகும்.

சுத்தம்

மோட்டாரோடு விசிறியும் கீழே வரும்: உருளை வடிவம், சுற்றிலும் சீப்புப் பல் மாதிரி இதழ்கள். குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கத்து வண்டியானால் கூடு நிறைய ரப்பர் இலை கொட்டும். மரம் இலை உதிர்க்கும் மார்கழி முதல் மாசி வரை அதன் கீழே நிறுத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஓடும் வண்டிக்கு இலை குறைவு, இதழ் ஒவ்வொன்றிலும் மண் அப்பியிருக்கும்.

உலர்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகத் துடையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதழில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருந்தால் அதைக் குப்பை என்று பிடுங்கி எறியாதீர்கள். விசிறி அதிராமல் இருக்கத் தொழிற்சாலையில் மாட்டிய எடை அது. அது போனால் சருகுச் சத்தம் போய் உறுமல் வந்துவிடும்.

புஷ்ஷுக்கு எண்ணெய்

ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஷாஃப்ட்டின் நீளவாக்கில் மயிரிழை அசைவு இருக்கலாம், தவறில்லை. பக்கவாட்டில் தெளிவாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டாலும் கொஞ்ச நாள்தான், புது மோட்டார் வாங்குங்கள்.

ஆடவில்லை, ஆனால் வறண்டு கத்துகிறது என்றால் எண்ணெய் போதும். இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது நுண்துளைகள் கொண்ட வெண்கலப் புஷ். துளைகளில் எண்ணெயை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் கிரீஸ் கூடாது, துளையை அடைத்துவிடும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயும் கூடாது. அடித்தவுடன் சத்தம் நிற்கும், ஆனால் மிச்சம் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். நம் ஊரில் எதற்கும் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். தயவுசெய்து வேண்டாம், நாள்பட்டால் பிசினாகி ஷாஃப்ட்டையே பிடிக்கும். நான் விடுவது சாதாரண 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில். விசிறிப் பக்கம் மேலே இருக்குமாறு மோட்டாரை நிறுத்தி, ஊசி முனையால் ஷாஃப்ட்டின் அடியில் இரண்டு சொட்டு. கையால் சுற்றிவிட்டு ஊறவிடுங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெய் போனால் தூசியோடு சேர்ந்து குழம்பாகும்.

மாட்டுவதற்கு முன் கப்ளரை மட்டும் செருகி, பேட்டரியை இணைத்து, மோட்டாரைக் கையில் இறுக்கப் பிடித்தபடி முதல் ஸ்பீடில் சில நொடி ஓட்டிப் பாருங்கள். விரலையும் சட்டைக் கையையும் விசிறியிலிருந்து விலக்கி வையுங்கள். நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ரெசிஸ்டர் குளிர்வது இந்த விசிறியின் காற்றில்தான், இப்போது அந்தக் காற்று வெளியே போகிறது.

சத்தம் இல்லையா? சரி, கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டுங்கள். மூன்று திருகையும் விரலால் ஏற்றிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். விளிம்பில் இருந்த ஸ்பாஞ்ச் நைந்திருந்தால் புதிது ஒட்டுங்கள்.

இலை வரும் வழியை அடைத்துவிடுங்கள்

இதைச் செய்யாவிட்டால் அடுத்த இலையுதிர் காலத்தில் திரும்பவும் முட்டி போட வேண்டும். காற்று உள்ளே வருவது வைப்பருக்குக் கீழே உள்ள கிரில் வழியாக. கிரில்லைக் கழற்றி அடியில் துருப்பிடிக்காத கம்பி வலை வையுங்கள். கொசுவலை வேண்டாம், ஒரு மழையில் அடைத்துக்கொள்ளும். அரை சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை போதும். அங்கேயே மழைத்தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றையும் குத்திவிடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. துளை அடைத்தால் தண்ணீர் ப்ளோவருக்குள் இறங்கி இடது பக்க மிதியடியை நனைக்கும். மரத்தடியில் நிறுத்தும்போது காற்று லீவரை வெளிக்காற்று வராத உள்சுழற்சியில் வைப்பதும் உதவும்.

பின்சேர்க்கை: புது மோட்டார் போட்ட பிறகு சத்தம் இல்லை, ஆனால் காற்று பாதிதான் வருகிறது என்று எழுதியிருந்தார் ஒரு நண்பர். வயரின் பிளஸ், மைனஸ் இடம் மாறி, விசிறி எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது. இந்த வகை விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று முன்னால்தான் வரும், பலவீனமாக வரும். அதனால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கடையில் வாங்கும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். சுற்றும் திசை, ஷாஃப்ட் நீளம், கப்ளர், குளிர்விக்கும் குழாயின் மூக்கு, நான்கும் ஒத்திருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.