டயர் காற்றழுத்த விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

வளைவுக்குள் ஆச்சரியக்குறி இட்ட அந்த மஞ்சள் விளக்கு, எங்கள் காரில் கடந்த ஆண்டு பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் எரிந்தது. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பிடித்து, விளக்கை அணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவேன். நான்காவது முறை எரிந்தபோது ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சக்கரத்திலுள்ள சென்சார் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் காரின் சக்கரங்களுக்குள் காற்றழுத்தச் சென்சாரே கிடையாது என்பது, அன்றிரவு கையேட்டைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

படி 1: உங்கள் கார் எந்த வகை?

டிஸ்பிளேயில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் தெரிந்தால், வால்வின் அடியில் சென்சார் இருக்கிறது என்று பொருள். அதனுள் இருக்கும் பேட்டரி சுமார் 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். எண் எதுவும் தெரியாமல் விளக்கு மட்டும் எரிந்தால், உங்களுடையது பெரும்பாலும் எங்கள் கார் போன்ற மறைமுக வகை. காற்றுக் குறைந்த டயரின் சுற்றளவு சற்றே குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் சக்கரவேகச் சென்சார்கள் வழியாகக் கணினி கண்டுபிடிக்கிறது. எந்த டயர் என்று பெரும்பாலும் அது சொல்வதில்லை.

சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போலக் கண்சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது. சிமிட்டாமல் எரிந்தால் காற்றைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்கவும்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண்ணே சரியான அழுத்தம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. எங்கள் காரின் அட்டையில் இருப்பது 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு). ஓடிய டயர் சூட்டினால் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும் என்பதால், வெயிலில் ஓட்டிப்போய் பங்கில் 33 என்று நிரப்பினால் மறுநாள் காலை 29 இருக்கும். குறைந்தது மூன்று மணி நேரம் வண்டி நின்ற பிறகே அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினாலே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். மார்கழிக் காலையில் பலருக்கு இந்த விளக்கு எரிவதற்கு இதுவே காரணம்.

அளவுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். பேனா வடிவில் வருவதை நான் நம்புவதில்லை. முள் வைத்த வட்ட மானியோ டிஜிட்டல் மானியோ நல்லது. எதுவானாலும் ஒரே மானியால் தொடர்ந்து அளப்பது முக்கியம்.

படி 3: எழுதி வைக்கவும்

நான்கையும் 33-க்கு நிரப்பிவிட்டு, மூன்று நாட்களுக்கு ஒரு முறை அளந்து குறித்துவந்தேன். ஒன்பதாம் நாளில் மூன்று டயர்கள் 33-லேயே நிற்க, பின்பக்க இடது டயர் மட்டும் 28-க்கு வந்திருந்தது. நான்கும் ஒரேயளவு இறங்கினால் தட்பவெப்பத்தைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் இறங்கினால் அங்கே கசிவு இருக்கிறது.

படி 4: சோப்புத் தண்ணீர்ச் சோதனை

நான் இரண்டு வாரம் தடுமாறியது இங்கேதான். வண்டி நின்ற நிலையிலேயே டயரின் மேற்பரப்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆணி தேடினேன், இல்லை. வால்வின் வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்; குமிழ் எழவில்லை. ரிம்மின் வெளிவிளிம்பிலும் ஒன்றுமில்லை. பஞ்சர் கடையில் தொட்டித் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, பக்கவாட்டில் பொறித்த உச்ச அளவைத் தாண்டாமல் 40 பிஎஸ்ஐ வரை நிரப்பினேன். டயரும் ரிம்மும் சேரும் இடுக்கில் சோப்புத் தண்ணீரை வழிய விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், விரல் நீள இடத்தில் மட்டும் கடுகு கடுகாக வெள்ளைக் குமிழ்கள் கூடியிருந்தன. இவ்வளவு மெல்லிய கசிவு அவசரச் சோதனைக்குப் பிடிபடாது. சோப்பை நுரைக்கக் கலக்கவும் கூடாது, நுரையிலேயே குமிழ் மறைந்துவிடும்.

படி 5: சரிசெய்தல்

டயரைப் பிரித்தபோது, அலாய் ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கடைக்காரர் அதை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, விளிம்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பீட் சீலர் பூசி, டயரை மறுபடி ஏற்றி, பேலன்சிங் செய்து கொடுத்தார். உள்ளே டியூப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவமும் எனக்குப் பிடிக்காது. ஊரைத் தாண்டி நடுவழியில் நின்றால் மட்டுமே அதற்கு வேலை. வால்வில் கசிந்தால் வேலை எளிது, வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சில ரூபாய் பின்னை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

படி 6: ரீசெட்

மறைமுக வகையில், ரீசெட் செய்த நேரத்தில் இருக்கும் அழுத்தத்தையே கணினி சரியான அளவாக நினைவில் கொள்ளும். காற்றுக் குறைந்திருக்கும்போதே ரீசெட் பொத்தானை அழுத்தி விளக்கை அணைப்பது எச்சரிக்கையையே கெடுத்துவிடும். குளிர்ந்த நிலையில் நான்கையும் நிரப்பிய பிறகுதான் அழுத்த வேண்டும். அதன்பின் சிறிது தூரம் ஓடினால்தான் அது கற்றுக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: வால்வில் சென்சார் உள்ள காரை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், பின்னை மாற்றிய சில மாதங்களில் அது உள்ளேயே இறுகிக் கழற்ற வராமல் போனதாக எழுதியிருந்தார். அத்தகைய வால்வின் தண்டு பெரும்பாலும் அலுமினியம்; சாதாரண பித்தளைப் பின் அதோடு சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளி நிறத்தில் வரும் நிக்கல் பூசிய பின்னைக் கேட்டு வாங்குங்கள், பளபளக்கும் உலோக மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் மூடியே போடுங்கள். டயரைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே சென்சார் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டால், வால்வுக்குப் பக்கத்தில் கம்பியை விட்டு நெம்ப மாட்டார்.