பாட்டு கேட்குது, வார்த்தை கேட்கலை: ப்ராபாக்ஸ் வண்டியில் பழைய ஸ்பீக்கரை மாற்றிய விதம்

பர்மாவில் ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் நடுவே நான் டொயோட்டா ப்ராபாக்ஸ் கார் ஓட்டுகிறேன். பெகு, தட்டோன் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒருமுறை மோல்மேன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் அய்யாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவருக்குப் பிடித்த பக்திப் பாட்டுகளைப் போட்டேன். பெகு தாண்டியதும், "தம்பி, பாட்டு கேட்குது, வார்த்தை கேட்கலையே" என்றார். சத்தத்தைக் கூட்டினேன். "சத்தம் கூடிடுச்சு. வார்த்தை இன்னும் வரலை" என்றார்.

அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு கடையில் டாஷ்போர்டில் பெரிய திரை வைத்த செட் (பாட்டுப் பெட்டி) ஒன்றை மாட்டியிருந்தேன். காசு முழுவதும் அந்தத் திரைக்கே போய்விட்டது. ஜப்பானில் மாட்டி அனுப்பிய ஸ்பீக்கர்கள் அப்படியே கதவில் இருந்தன. செட்டை மாற்றினால் ஒலி மாறிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். மாறாது. காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் ஸ்பீக்கர், அப்புறம் கதவு, அப்புறம் வயர், கடைசியில்தான் செட். இந்த வரிசைப்படிதான் கீழே எழுதுகிறேன்.

வார்த்தை ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் உயிரெழுத்தின் பலம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, ட, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிகம். வண்டியோடு வந்த ஸ்பீக்கர் ஒற்றைக் காகிதக் கூம்பு, சின்னக் காந்தம். அது முழங்காலுக்குக் கீழே, கதவின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேல் ஒலியை அதனால் சரியாகத் தர முடியாது. தருகிற கொஞ்சத்தையும் நம் கால்களும் சீட்டுகளும் தின்றுவிடும். பின் சீட்டுக்குப் போய்ச் சேர்வது உயிரெழுத்து மட்டும்தான். சத்தத்தைக் கூட்டினால் அதுதான் இன்னும் கூடும்.

சத்தத்தைக் கூட்டக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பர்மாவில் 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் லாரி போனால் எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்பெயா பையன் (உதவியாள்) பார்த்துச் சொன்னால்தான் முந்துவேன். அவன் சொல்வது ஒரே ஒரு சொல். பாட்டுச் சத்தத்தில் அது காதில் விழாமல் போகக் கூடாது. குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். செட்டின் பெட்டியில் 4×50 வாட் என்று போட்டிருக்கும். அது உச்சக் கணக்கு. தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டுக்கு அக்கம்பக்கம்தான். அதனால் 300 வாட் தாங்கும் என்பதைவிட, கொடுத்த கொஞ்ச மின்சாரத்தில் எவ்வளவு ஒலி தரும் என்பதே முக்கியம். சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 90க்குக் குறையாமல் எடுங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். அளவு என் வண்டிக்கு 16 சென்டிமீட்டர், 4 ஓம். ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் காம்போனென்ட் வகையை வாங்கினேன். ட்வீட்டரை டாஷ்போர்டின் இரண்டு மூலையிலும் கண்ணாடி ஓரமாக வைத்தேன். மெய்யெழுத்து காது உயரத்துக்கு வந்தது அதனால்தான். அதோடு வரும் கிராஸ்ஓவர் பெட்டி மேல் ஒலியை ட்வீட்டருக்கும் மற்றதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடும். அது இல்லாமல் ட்வீட்டரை நேராக இணைத்தால் எரிந்துபோகும். பின்னால் ஸ்பீக்கர் வைக்கவில்லை. முன்பக்கம் சரியாக இருந்தால் பின் சீட்டுக்கும் வார்த்தை போய்ச் சேர்கிறது.

இனி கதவு. கைப்பிடிக் குழியில் ஒரு ஸ்குரூ, உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று. பிறகு சுற்றிலும் கிளிப். கைவிரலும் பிளாஸ்டிக் பட்டையும் போதும், இரும்பு டிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும். நாலு கிளிப் உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாவது உடைந்தே தீரும். உள்ளே பிசினால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல் பொறுமையாக உரியுங்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டொயோட்டாவில் பழைய ஸ்பீக்கரை ஸ்குரூ போட்டு அல்ல, ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். ரிவெட்டின் தலையை மட்டும் ட்ரில்லால் எடுத்தால் ஸ்பீக்கர் கையோடு வரும். இரும்புத்தூள் கதவுக்குள் நிற்கக் கூடாது. புது ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டால் கரகர என்று சத்தம் வரும். ஈரத்துணியால் துடைத்து, ட்ரில் பட்ட ஓரத்துக்குக் கொஞ்சம் பெயின்ட் தடவுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்திலேயே துரு ஏறும்.

புது ஸ்பீக்கர் பழைய ஓட்டையில் நேராக உட்காராது, நடுவில் ஒரு வளையம் வேண்டும். கடையில் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டித் தருவார்கள். மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பிவிடும். ஏப்ரலில் திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவில் வண்டி மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவும் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள்தான் போகும். நான் நாற்காலி செய்யும் கடையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டை வாங்கி வளையம் வெட்டிக்கொண்டேன். தேக்குக்குத் தண்ணீர் பயம் இல்லை. அதன் மேல் இரண்டு கோட் வார்னிஷும் அடித்தேன்.

வளையத்தின் தடிமனை முடிவு செய்யும் முன் கதவுக் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்குங்கள். இறங்கிய கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, ஸ்பீக்கர் எவ்வளவு ஆழம் என்று அளந்து பாருங்கள். குறைந்தது 5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவைத்து அளந்துவிட்டு, எல்லாம் மாட்டிய பிறகு காந்தத்தில் இடித்துக் கண்ணாடி உடைந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

கதவின் வெளித்தகடு மெல்லியது. விரலால் தட்டினால் டின் போல ஒலிக்கும். ஸ்பீக்கர் பாடும்போது அதுவும் சேர்ந்து பாடி வார்த்தையைக் குழப்பும். பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட் கிடைக்கிறது. வெளித்தகட்டின் உட்புறம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் நன்றாகத் துடைத்து ஒட்டி, உருளையால் அழுத்துங்கள். முழுவதும் ஒட்டத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும். தட்டினால் மரம் போல ஒலிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மூடாதீர்கள்.

முன்பு சொன்ன பிளாஸ்டிக் தாளுக்கு வருகிறேன். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீரை வண்டிக்குள் விடாமல் கதவின் அடிக்கே அனுப்புவது அதுதான். பல கடைகளில் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் மழையில் கால் மிதியடி நனையும், எங்கிருந்து என்று யாருக்கும் புரியாது. பழைய பிசின் ஒட்டவில்லை என்றால் பியூட்டைல் நாடாவால் சுற்றிலும் ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரின் முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றை ஒன்று அழிக்காமல் இருக்கவும் இந்த அடைப்பு உதவும்.

வயருக்குத்தான் அதிகக் கவனம் தேவை. நான் முதலில் போன கடையில் வயர்களை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஏப்ரல் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்தது. தட்டோன் அருகே இரண்டு வயர் தொட்டுக்கொண்டு பியூஸ் போனது. பியூஸ் இருந்ததால் வண்டி தப்பியது. ஆகவே சால்டர் வையுங்கள், அல்லது கிரிம்ப் கனெக்டர் போட்டு அழுத்துங்கள், மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். கரண்ட் இருக்கிற நேரத்தைப் பார்த்து சால்டரிங் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

டொயோட்டாவின் சொந்த வயர் நிறமும், கடையில் வாங்கும் செட்டின் வயர் நிறமும் ஒன்றல்ல. கடைச் செட்டில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். டொயோட்டாவில் பொதுவாக எப்போதும் உள்ள 12 வோல்ட் நீலத்தில் மஞ்சள் கோடு, சாவிக்குச் சாம்பல், எர்த்துக்குப் பழுப்பு. பின்னால் ஸ்பீக்கர் உள்ள டொயோட்டாக்களில் 6 முனை கனெக்டர் ஒன்று தனியாக வரும். அதில் கறுப்பும் மஞ்சளும் இடது பின் ஸ்பீக்கர், சிவப்பும் வெள்ளையும் வலது பின் ஸ்பீக்கர்! நிறத்தோடு நிறம் சேர்த்தால் செட் செத்துப்போகும். டொயோட்டா கனெக்டருக்கென்றே வரும் மாற்று வயரிங் கிட் ஒன்றை வாங்கிவிட்டால் வண்டியின் வயரை வெட்டவே வேண்டாம். அப்படி வாங்கினாலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் இங்கே வரும் வண்டிகளில் ஏற்கெனவே யாராவது கை வைத்திருப்பார்கள். மஞ்சள் உறை போட்ட கனெக்டர் ஏர்பேக்குடையது. அதில் மீட்டரைத் தொடக்கூடக் கூடாது.

எந்த ஜோடி எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று பார்க்க, பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றும் முன்பே 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுங்கள். செட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்து வயர் ஜோடியில் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்டதுதான் கூட்டல் வயர். இடது ஒன்று முன்னாலும் வலது ஒன்று பின்னாலும் போகும்படி இணைத்தால் பாடகர் குரல் நடுவில் நிற்காது, கீழ் ஒலியும் வற்றிவிடும். கழித்தல் வயரை வண்டியின் உடம்பில் எர்த் செய்வதும் கூடாது, இன்றைய செட்டுகளில் இரண்டு வயரிலும் ஒலி மின்சாரம் ஓடுகிறது.

செட்டுக்கு வந்தால், டொயோட்டாவின் இடம் 200 மில்லிமீட்டர் அகலம். பொதுவாக விற்கும் செட் 180. இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் அடைக்க ஒட்டுப்பட்டை கேளுங்கள், அல்லது 200 அகலச் செட்டே வாங்குங்கள். ஜப்பானில் பயன்படுத்திய பயனியர் செட்டுகள் அங்கே கரொட்ஸேரியா என்ற பெயரில் வருகின்றன. ஒலி அருமையாக இருக்கும். ஆனால் ஜப்பானின் பழைய செட்டுகளில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ரங்கூன் சிட்டி எஃப்எம் 89.0 என்பதால் கிடைத்துவிடும். 90க்கு மேல் எதுவும் வராது. ரேடியோ கேட்பவர்கள் வாங்கும்போதே எண்ணை மேலே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேலைக்கு முன் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்ற வேண்டும். ஆனால் உங்கள் வண்டியில் எஸ்டி கார்டு வரைபடத்தோடு டொயோட்டா நேவிகேஷன் செட் இருந்து, அந்தக் கார்டு தொலைந்திருந்தால், பேட்டரியைக் கழற்றியதும் செட் பூட்டிக்கொண்டு பாட்டே வராது. திறக்கத் தனி எண் வேண்டும். அதை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கவலையில்லை. வைத்துக்கொள்வதானால் கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாஸ் வேண்டும் என்று தனி ஆம்ப்ளிஃபையர் வைப்பவர்கள் பேட்டரியிலிருந்து தனித் தடித்த வயர் இழுங்கள், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் போடுங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

எல்லாம் மாட்டியபின் செட்டில் ஹைபாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வசதி) என்று இருப்பதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆழ்ந்த பாஸை விட்டுவிட்டால் கதவு ஸ்பீக்கர் குரலை நன்றாகப் பாடும். பாஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கட்டும். டைம் அலைன்மென்ட் (கிட்டே உள்ள ஸ்பீக்கரின் ஒலியைத் தாமதிக்கும் வசதி) இருந்தால், சாலை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஸ்டியரிங் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். எனக்கு வலது ஸ்பீக்கர்தான் கிட்டே, அதைக் கொஞ்சம் தாமதிக்கச் சொன்னதும் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்தது. அப்புறம் உங்களுக்கு வரி தெரியாத ஒரு தமிழ்ப் பாட்டைக் குறைந்த சத்தத்தில் போட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, கேட்ட வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் அய்யாவைத்தான் உட்காரவைத்தேன். இரண்டாவது சரணத்தில் அவரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்.

முதல் பெருமழை முடிந்ததும் மறக்காமல் மிதியடியைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பிளாஸ்டிக் தாளில் எங்கோ இடைவெளி. கதவின் அடி ஓரத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.